புழு குடைந்த முத்து

என் முதல் சம்பளத்தைக் கொடுத்தவர் தாம்தான் என்று தாய்மாமா இன்றும் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்கிறார். பந்தியில் பக்கத்தில் இருப்பவரிடம் என்னைக் காட்டி, "இன்னைக்கு காலேஜுல பாடம் எடுக்குதாள்லா, அவ மொதல்ல பாடம் எடுத்தது நம்ம கடையிலதான்" என்பார். அதில் பொய் ஏதுமில்லை. அந்தக் கடையைப் பற்றி அவர் சொன்னவற்றில் பொய்யில்லாதது அனேகமாக அது ஒன்றுதான்.

நான் எட்டாவது முடித்திருந்த கோடை அது. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. நான் டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பங்குச் சாமியார் சிபாரிசில் கிடைத்த இடம். ஏதாவது கெட்ட பெயர் வந்தால் இடம் போய்விடும் என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தார்கள். அம்மா அதை ஜெபம் மாதிரி தினமும் ஒருமுறை சொல்லுவாள்.

கோடை என்றால் எங்கள் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். ஆண்களுக்கு வேலை இல்லாத அந்த மாதங்களில் பிள்ளைகளுக்கு வேலை வந்துவிடும். பையன்கள் படகின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவார்கள். என் வயதுப் பெண்கள் கருவாடு காயப்போடப் போனார்கள், கம்பெனிக்கு இறால் உரிக்கப் போனார்கள். ஒன்பதாவதுக்கு ஷூவும் வேன் காசும் வேண்டும் என்று அம்மா என்னையும் போகச் சொன்னாள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளை கருவாடு புரட்டுவதா என்று நான் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தேன். அப்போதுதான் மாமா வந்தார்.

லீவுக்கு வெளியூர்க்காரர்கள் கூடும் கடற்கரைப் பூங்காவில் அவர் கடை போட்டிருந்தார். ஒரு மேசை, கடல் தண்ணீர் நிரப்பிய நீல டிரம், அதற்குள் முத்துச்சிப்பிகள். வாங்குபவர் தம் கையாலேயே ஒன்றை எடுக்கலாம். கண்ணெதிரே பிளந்து காட்டப்படும். முத்து இருந்தால் அவருக்கு. இல்லாவிட்டால் அடுத்த சிப்பியை வாங்க வேண்டியதுதான். பெரும்பாலும் வாங்கினார்கள்.

"கையில வேலையே இல்லளா, வாயிலதான்" என்றார் மாமா. "முத்து எப்படி உண்டாகுன்னு ஒம் புஸ்தகத்துல இருக்கும்லா? அத இங்கிலீஷுலயும் தமிழுலயும் சொல்லணும். யூனிஃபார்ம் போட்டுட்டு வா. பேட்ஜையும் குத்திக்க."

லீவில் எதற்கு யூனிஃபார்ம் என்று நான் கேட்கவில்லை. படிப்புக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். தினமும் சாயந்திரம் தலையை இரட்டைப் பின்னலாகக் கட்டிக்கொண்டு மேசைக்கு அருகில் நின்றேன். சிப்பிக்குள் ஓர் அந்நியத் துகள் நுழைகிறது, அதன்மேல் சிப்பி தன் நீரைப் படலம் படலமாகப் பூசுகிறது என்று ஒப்பிப்பேன். பிறகு அதையே இங்கிலீஷில். "அந்த ஃபாரின் பார்ட்டிகிள் வருதுல்லா, அதக் கொஞ்சம் சத்தமாச் சொல்லு. கூட்டம் நிக்குது" என்று மாமா காதோடு சொல்லுவார். கூட்டம் நின்றது. ஒரு பெரியவர் என் தலையைத் தொட்டு, "படிக்கிற பிள்ள சொல்லுது, நம்பி வாங்கலாம்" என்றார். அன்று இரவு அதை அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன்.

அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. அவர் சங்கு குளிப்பவர்; நாட்டுப் படகான வள்ளத்துக்குத் தடை கிடையாது. இருட்டோடு போய், வந்ததும் தூங்கிவிடுவார். அவர்கள் வள்ளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. புது இடத்தில் நங்கூரம் போட்டதும் ஓர் ஆள் முதலில் இறங்கி அடியில் சங்கு உண்டா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். அவர் 'கிடக்கு' என்றால் மற்றவர்கள் குதிப்பார்கள், 'இல்ல' என்றால் நங்கூரத்தைத் தூக்கிவிடுவார்கள். யாரும் மறுபடி இறங்கிச் சரிபார்ப்பதில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அந்த ஆள் அப்பாதான்.

ஒரு சாயந்திரம், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு முத்து கிடைத்தது. சந்தோஷமாக வாங்கிப் போனவர் திரும்பி வேகமாக வந்தார். அவரைத் தூரத்தில் பார்த்ததுமே மாமாவுக்கு டீ குடிக்கவேண்டும் போல் ஆகிவிட்டது.

"இதுல ஓட்டை இருக்கு!" முத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார் அந்த அம்மா. "சிப்பிக்குள்ள ஊசி நூலு வச்சுக்கிட்டு யாருடி உக்காந்திருந்தா?"

இரண்டு பக்கமும் துளை நேராக இருந்தது. என் பாடத்தில் துளையைப் பற்றி ஒன்றும் இல்லை. சுற்றி நின்றவர்கள் தங்கள் முத்துகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த அம்மாவின் கணவர் என் பேட்ஜைப் பிடித்து இழுத்துப் பள்ளியின் பெயரை வாசித்தார். "கான்வென்ட்ல இதத்தான் சொல்லித் தாராங்களா? இப்பவே மதருக்குப் போன் போடுறேன்" என்று செல்போனை எடுத்தார். எனக்கு அழுகை வரவில்லை. பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டேன்.

"அது புழு குடைஞ்ச ஓட்டைம்மா."

கூட்டத்துக்குப் பின்னால் அப்பா நின்றார். கரையேறி வீட்டுக்குப் போகிற வழியில் கூட்டத்தைப் பார்த்து வந்திருக்கிறார். தோளில் சங்குப் பை, கண் இரண்டும் சிவப்பு, புருவத்தில் உப்பு. கூடக் குளிக்கிறவர்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

"நீங்க யாரு?"

"சங்கு குளிக்கிறவன். சின்னப் பிள்ளையில இருந்து இந்தத் தண்ணிக்குள்ளதான் கெடக்கேன். ஒரு புழு உண்டும்மா. சிப்பி ஓட்டத் தொளச்சு உள்ள போவும். எப்பவாச்சும் முத்தையும் சேத்துக் குடைஞ்சிரும்."

அந்த அம்மா பையைப் பார்த்தார், அப்பாவின் கண்களைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "அது ராசிதானே?"

"ராசிதாம்மா" என்றார் அப்பா.

செல்போன் சட்டைப்பைக்குள் போனது. கூடக் குளிக்கிறவர்களில் ஒருவர் சிரிக்க வாயெடுத்து, அப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பா, தாம் என் தகப்பன் என்று கடைசிவரை சொல்லவில்லை. இடுப்பில் ஈரச் சாரத்தோடு நிற்க வெட்கம் போல என்று நினைத்தேன். என்னைப் பார்த்து, "வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னார். மாமா டீ குடித்துவிட்டு வந்து, புழு விஷயத்தையும் நாளை முதல் பாடத்தில் சேர்க்கலாம் என்றார். நாளை என்று ஒன்று இருக்கவில்லை. அப்பா என்னைக் கடைக்குப் போகவிடவில்லை. நல்ல வேலையைக் கெடுத்துவிட்டார் என்று எனக்கு மிகுந்த கோபம்.

ஒரு நாள் கரைக்குச் சோறு கொண்டுபோனபோது வள்ளத்தை மறுநாளுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். அன்று சிரிக்க வாயெடுத்தவர் சத்தமாகச் சொன்னார்: "நாளைக்கு அடி பாக்க வேற ஆள் எறங்கட்டும்டே. அண்ணன எறக்குனா புழு கெடக்குன்னு சொல்லுவாரு." எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் அவர் முதலில் இறங்கியதாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. வயதாகிறது, ஓய்வு கொடுக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

பள்ளி திறந்தது. ஒன்பதாவதிலும் முத்துப் பாடம் வந்தபோது முதல் ஆளாக எழுந்து நின்று, சில முத்துகளைப் புழு குடைவதும் உண்டு என்றேன். டீச்சர் யார் சொன்னது என்று கேட்டார். கடலுக்குள் போகிற எங்கள் அப்பா சொன்னார் என்றேன். மாலை கோக்கத்தான் ஓட்டை போடுவார்கள் என்று டீச்சர் சொல்ல, வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. மாமா அறுந்த மாலையிலிருந்து உருவிச் சிப்பிக்குள் போட்டிருக்கிறார் என்பது எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. நான் அவ்வளவு கெட்டிக்காரி. அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆகவே அவருக்குத் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றவில்லை. "ஓட்டை போட்ட முத்துகூடவா ஒங்களுக்குத் தெரியாது? இத்தன வருசம் தண்ணிக்குள்ள என்னத்தத்தான் பாத்தீங்க?"

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள். அப்பா அவளைக் கையமர்த்தினார்.

"எனக்கு என்னளா தெரியும்? நீதான படிச்ச பிள்ள. சொல்லு, கேப்போம்."

நான் அறிவியல் புத்தகத்தை விரித்து அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அந்நியத் துகள் எப்படி நுழைகிறது, சிப்பி அதை என்ன செய்கிறது என்று அவருக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். அவர் சம்மணமிட்டு, ஒன்றுமே அறியாதவர் போல, கடைசி வரி வரைக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.