எல்லாருடைய இரண்டாவது ஆள்

ஸ்பர்லிங் பாயிண்ட்டில் பனி கொட்டினால் வாசலை வாரிப்போட ஊர் முதலில் கூப்பிடுவது ஹாரிஸ் சகோதரர்களை. அவர்களிடம் புது லாரி இருக்கிறது. அவர்கள் வராத அன்று தர்லோ கிரெஸ்ஸியைக் கூப்பிடும். தர்லோ வந்துவிடுவார். வராத ஆளை முதலிலும் வருகிற ஆளை அப்புறமும் கூப்பிடுவதில் ஏதோ ஒரு நியாயம் இருக்கத்தான் வேண்டும். தர்லோ அதைத் தோண்டிப் பார்த்ததில்லை.

மெய்ன் மாநிலத்துச் சின்ன ஊர்களில் நிர்வாகக் குழுவுக்கு மூன்று பேர் உண்டு. முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் என்பதே பதவியின் பெயர். தர்லோ வெகுகாலமாக இரண்டாமவர். முதலாமவர்கள் வந்தார்கள், சண்டை போட்டார்கள், போனார்கள். அவர் மட்டும் அதே நாற்காலியில் இருந்தார். ஒருவன் தன் இடத்தில் திருப்தியாக இருக்கிறானா, அல்லது அந்த இடத்துக்கு ஏற்றபடி தன் திருப்தியை வெட்டிச் சுருக்கிக்கொண்டானா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. உள்ளே இருந்தும் சுலபமில்லை.

கல்யாணமும் அப்படித்தான். டார்கஸ் பள்ளி முடித்த வருடம் பக்கத்து ஊர் ராய்ஸ் ஹாஸ்கெல்லின் படகில்தான் சுற்றிக்கொண்டிருந்தாள். ராய்ஸ் படகு கட்டக் கற்றுக்கொள்ள வெளியூர் போனான். திரும்பி வந்தபோது கூடவே ஒரு பெண்ணும் வந்தாள். அடுத்த வருடம் டார்கஸ் தர்லோவைக் கட்டிக்கொண்டாள். நாற்பது வருடமாக இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாததாலேயே தர்லோவுக்கு அது மறக்கவுமில்லை.

இப்போது அந்த ராய்ஸ் பெரிய படகுத்துறைக்கு முதலாளி. மாநில ஆளுநர் பதவிக்குக் கட்சி வேட்பாளராக நிற்க ஆசைப்பட்டார். போர்ட்லண்ட் வக்கீல் மார்கரெட் பெல்க்கி எதிர்த்து நின்றார். யார் கட்சியின் ஆள் என்பதை ஜூன் மாத உட்கட்சித் தேர்தலில் கட்சிக்காரர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். ராய்ஸ் ஆட்களுக்கு பெல்க்கி பேரைச் சொன்னாலே பற்றிக்கொண்டு வரும். பெல்க்கி ஆட்களும் அதில் சளைத்தவர்கள் இல்லை.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, சர்ச் கூடத்தில் ஊரே கூடிச் சாப்பிடும் பீன்ஸ் விருந்து. வழக்கம்போல வாக்குவாதம் முற்றியது. இறால் பிடிக்கும் எல்டன் கரண்டியால் மேசையைத் தட்டினார்.

“ரெண்டு பேரும் வேணாம்ப்பா. நம்ம தர்லோவ நிப்பாட்டுங்க. யாருக்காவது இவர்மேல கோவம் உண்டா? சொல்லுங்க.”

எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் இல்லை.

“கோவம் வர்ற அளவுக்கு அவர் என்ன செஞ்சாரு?” என்றது ஒரு குரல். கூடம் சிரித்தது. தர்லோவும் சிரித்தார்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க மாவட்டத்தில் பனி மாய்ந்து மாய்ந்து பெய்தது. வேட்பாளராக நிற்கக் கட்சிக்காரர்களின் கையெழுத்து வேண்டும். வாசலை வாரிக் கொடுத்தவர் கையில் மனுத்தாளோடு நின்றால் கையெழுத்தில்லை என்று யார் கதவைச் சாத்துவார்கள்? மார்ச்சில் தர்லோ கிரெஸ்ஸி முறைப்படி வேட்பாளர் ஆகிவிட்டார். கேள்விப்பட்ட டார்கஸ், மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

“ஜெயிச்சா தலைநகருக்கு, அகஸ்டாவுக்குக் குடி போகணுமா?”

“ஜெயிக்க மாட்டேன் டார்கஸ்.”

“அப்ப சரி,” என்றாள். யாருக்குப் போடப்போகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

அந்த மாநிலத்தில் இந்தத் தேர்தலுக்கு ஓட்டுப் போடும் முறை கொஞ்சம் வேறு. ஒரே ஒருவருக்குக் குறி போட்டுவிட்டு வர வேண்டியதில்லை. முதலில் இவர், இவர் தேறாவிட்டால் அடுத்து அவர் என்று வரிசை போடலாம். இதனால் தர்லோ போகுமிடமெல்லாம் ஒரே மாதிரிப் பேச்சு.

“ராய்ஸ் நம்ம பக்கத்து ஆளு, விட முடியாது பாருங்க. ஆனா உங்களுக்குத்தான் ரெண்டாவது.”

“அந்தப் படகுக்காரன் வந்துடக் கூடாதேன்னு பெல்க்கிக்குப் போடறேன். ரெண்டாவது நீங்கதான், கண்ண மூடிக்கிட்டு.”

தர்லோ எல்லாருக்கும் நன்றி சொன்னார். மனதார.

மே மாதம் கருத்துக்கணிப்பு வந்தது. முதல் இடத்துக்கு தர்லோவைச் சொன்னவர்கள் இருந்தார்களா இல்லையா என்றே கணக்கெடுத்தவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாவது இடத்துக்கு யார் என்ற கேள்விக்கு மாநிலமே அவர் பெயரைச் சொல்லியிருந்தது. ஊர்க் குமாஸ்தா வினோனா அதை அவருக்கு விளக்கினாள்.

“முதல் எண்ணிக்கையில கடைசியா வர்றவர வெளிய தள்ளிடுவாங்க தர்லோ. அவருக்குப் போட்டவங்களோட ரெண்டாவது ஓட்டத்தான் அடுத்துப் பாப்பாங்க. நீங்க முதல்லயே வெளிய போயிட்டா, உங்களுக்கு விழுந்த ரெண்டாவத யாரும் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டாங்க.”

“அப்போ அதெல்லாம் எங்க போகும்?”

“எங்கயும் போகாது. சீட்டுலயே இருக்கும்.”

இதில் தத்துவம் எதுவும் இருப்பதாக வினோனா நினைக்கவில்லை. தர்லோவுக்கு வீடு போய்ச் சேரும்வரை அதே நினைப்பு. எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஆளும் யாருமே தேர்ந்தெடுக்காத ஆளும் ஒருவனாகவே இருக்க முடியும் என்பது அறுபது வயதில் தெரிந்துகொள்ளச் சுகமான விஷயமில்லை.

கணிப்பைப் பார்த்துவிட்டு பெல்க்கி அம்மாள் நேரிலேயே வந்தார். டார்கஸ் ப்ளூபெர்ரிப் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட பை ஒரு துண்டு வைத்தாள்.

“உங்க ஆளுங்ககிட்ட ரெண்டாவதா எனக்குப் போடச் சொல்லணும் மிஸ்டர் கிரெஸ்ஸி. அவ்வளவுதான் கேக்கறேன்.”

“என் ஆளுங்கன்னு யாரும் இல்லீங்க,” என்றார் தர்லோ. “பாதிப் பேர் உங்க ஆளுங்க. மீதிப் பேர் ராய்ஸ் ஆளுங்க.”

பெல்க்கி சிரித்துவிட்டார். பழத்தையெல்லாம் சாப்பிட்டு, ஓரத்து மாவைத் தட்டிலேயே ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார். டார்கஸ் அந்தத் தட்டை வெகுநேரம் கழுவாமல் வைத்திருந்தாள்.

ராய்ஸ் வரவில்லை. போன் மட்டும் செய்தார். எடுத்தவள் டார்கஸ். கொல்லைப்புறத்தில் இருந்த தர்லோவுக்கு அவள் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. என்ன பேசினார்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

தேர்தலன்று ஓட்டுச்சாவடி தீயணைப்பு நிலையத்தில். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே தடுப்பு வைத்திருந்தார்கள். வாசலை ஒட்டி, நூலகத்துக்காகப் பெண்கள் டோனட்டும் பையும் விற்கும் மேசை. அதற்கு டார்கஸ் பொறுப்பு. காலையிலேயே ஓட்டைப் போட்டுவிட்டு கத்தியும் பெட்டியுமாக உட்கார்ந்துவிட்டாள்.

தர்லோ தடுப்புக்குள் போய்ச் சீட்டை விரித்தார். தன் பெயருக்கு நேரே முதலாவது கட்டத்தில் பேனாவைக் கொண்டுபோனார். கை நின்றுவிட்டது. தட்டில் டோனட் வந்தால் முதலில் எடுக்கக் கூடாது, பந்தியில் கடைசிக் கரண்டியைச் சுரண்டக் கூடாது, தன்னைத் தானே முன்மொழியக் கூடாது என்று வளர்க்கப்பட்ட மனிதர். அங்கே பார்க்க ஒருவரும் இல்லை. இருந்தும் கூச்சமாக இருந்தது. கடைசியில் பெல்க்கிக்கு முதலாவது போட்டார். ராய்ஸுக்குப் போட முடியாது, அது வேறு கதை. தனக்கு இரண்டாவது போட்டுக்கொண்டார். அது பழகிய இடம், கை தானாகப் போயிற்று.

சீட்டு பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் உறைத்தது. சாயங்காலம் ஊர்வாரியாக முதல் ஓட்டுகளை வினோனா எல்லார் முன்னாலும் வாசிப்பாள். கிரெஸ்ஸி, சொந்த ஊரில், பூஜ்யம். ஊர் சிரிக்கும், சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்குள் டார்கஸின் ஓட்டும் இருக்கும். நாற்பது வருடமாகக் கேட்காமல் இருந்த கேள்விக்கு வினோனா ஒலிபெருக்கியில் பதில் சொல்லிவிடுவாள்.

அன்று முழுதும் அவர் டோனட் மேசைப் பக்கம் போகவில்லை.

வெளிச்சம் இன்னும் கடல்மேல் இருக்கும்போதே எண்ணி முடித்தார்கள். வினோனா தாளைக் கையில் எடுத்தாள். ராய்ஸுக்கு ஊரில் பெரும்பாலான ஓட்டு, பெல்க்கிக்கு மீதி.

“கிரெஸ்ஸி, ஒண்ணு.”

தர்லோவின் காதில் அந்த ஒன்று விழுந்து, புரிய நேரமாயிற்று. அதற்குள் எல்டன் எழுந்துவிட்டார்.

“பரவாயில்ல தர்லோ, தன் கையே தனக்குதவின்னு நீயாவது போட்டுக்கிட்டியே. ஏம்மா டார்கஸ், பழைய படகு ஞாபகம் வந்துடுச்சா?”

நிலையம் முழுக்கச் சிரிப்பு. கெட்ட சிரிப்பில்லை. ஆனால் அடுத்த பத்து வருட பீன்ஸ் விருந்துகளுக்குப் போதுமான சிரிப்பு. டார்கஸ் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். என் ஓட்டுத்தான் அது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்டன் வாய் அடைத்துப்போகும். சொல்லவில்லை. தர்லோவை மட்டும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். ஒன்று அவளுடையது என்றால் அவருடையது எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் அசடு வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று, ஊர் பேச்சைத் தன்மேல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தர்லோ எழுந்தார். பொதுக்கூட்டத்தில் முதலில் எழுந்து அவருக்குப் பழக்கமில்லை.

“அது என் ஓட்டு இல்ல.”

“பின்ன யாரோடது?”

“ஓட்டு ரகசியம். இங்க யாரும் யார் பேரையும் சொல்லக் கூடாது,” என்றாள் வினோனா.

“நான் என்னோடத மட்டும் சொல்றேன் வினோனா. எனக்கு நான் ரெண்டாவதுதான் போட்டுக்கிட்டேன்.”

எல்டன் மெல்ல உட்கார்ந்தார்.

“நீயுமா?” என்றார்.

பிறகு வந்த சிரிப்பில் தீயணைப்பு நிலையத்துத் தகரக்கூரை அதிர்ந்தது. அதன் நடுவில் ஒவ்வொரு தலையாக டோனட் மேசைப் பக்கம் திரும்பியது. எல்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். டார்கஸ் முகம் சிவக்க, விற்காத டோனட்டுகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

லாரி வீட்டுக்குப் பாதி வழி வந்திருந்தது.

“முதலாவது யாருக்கு?” என்றாள் டார்கஸ்.

“பெல்க்கிக்கு.”

“என் பையோட ஓரத்த ஒதுக்கி வச்சவளுக்கு.”

“ராய்ஸுக்குப் போட முடியல டார்கஸ்.”

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். “போன்ல என்ன கேட்டான்னு நீ கேக்கவே இல்லயே.”

“என்ன கேட்டான்?”

“ரெண்டாவதாவது தனக்குப் போடுன்னான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.”

தர்லோ திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தார்.

“போட்டியா?”

“ரெண்டாவது கட்டத்த காலியா விட்டுட்டேன். மூணாவதும்தான். ஒண்ணு போட்டா போதும்னு வினோனா சொன்னா.” பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நீட்டினாள். “எடு.”

“நீ மொதல்ல எடு.”

“தர்லோ.”

அவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இருந்ததில் பெரிய டோனட்டாகப் பார்த்து எடுத்தார்.