எடுக்க வந்தவன்

கவிஞர் இறந்தபின் அவர் மனைவி தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போவதென்று முடிவானது. மதினி என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அம்பாசமுத்திரத்து வாடகை வீட்டின் சாவியை மறுநாள் சாயங்காலம் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் வீட்டை, கவிஞர் விட்டுப்போன மாதிரியே, போனில் படம் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவர் கவிதைகளை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் அவர் எழுதும்போது எதிரே சும்மா உட்கார்ந்திருக்க என்னை மட்டும்தான் விடுவார்.

போனில் பேசுவதென்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். “மதினி, நாளைக்கு வாரேன். அண்ணாச்சி சாமான எல்லாம் எடுக்கணும்” என்று சொன்னேன். அவர் சரி என்றார்.

போய்ப் பார்த்தால் அறை காலி. கழுவிவிட்ட தரை இன்னும் காயவில்லை. புத்தகங்களும் துணிகளும் சாக்குகளில் கட்டி வாசலில் இருந்தன. நாற்காலி மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.

“வண்டி கொண்டாரலையா தம்பி? பஸ்ல எப்படிக் கொண்டுபோவிய?”

“எத மதினி?”

“நீங்கதான எல்லாத்தையும் எடுக்கணும்னு சொன்னிய.”

போனைத் தூக்கிக் காட்டினேன். படம் என்று சொல்வதற்குள் வியர்த்துவிட்டது. அவர் சாக்குகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அந்த ஒரு வார்த்தையச் சேத்துச் சொன்னா வாயில இருக்க முத்து உதிர்ந்திருமோ?”

முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினோம். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஜன்னல் வெளிச்சம் இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்குக் கை ஓடவில்லை. நாற்காலியை ஜன்னலோரம் போட்டேன். மதினி அதை அடுப்படி வாசலுக்கு இழுத்தார்.

“அங்கன ஏன் போடுதிய? ஆள் வந்தாத்தான் ஜன்னல். நீங்க போனபொறகு அவிய இங்கன வந்து உக்காந்து, நான் உள்ளி உரிக்கையில வாசிச்சுக் காட்டுவாவ.”

இத்தனை வருஷம் நான் பார்த்தது ஆள் வந்த வீட்டைத்தான். நாற்காலியை இரண்டு இடத்திலும் வைத்து எடுத்தேன். செருப்பு, குடை, மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் அண்ணாச்சி வைக்கும் இடத்தில் வைத்து எடுத்தேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது மதினி அடுப்படிக்குள் போனார். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சீப்போடு வந்தார். பல் உடைந்த சீப்பு. வெள்ளை முடி ஒன்று சிக்கியிருந்தது.

“இத மட்டும் உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஒளிச்சு வச்சேன்.” மேசைமேல் வைத்தார். “எடுங்க.”

எடுத்தேன். வெளிச்சம் போதாமல் படம் கலங்கிவிட்டது. இன்னொன்று எடுப்பதற்குள் மதினி சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.