முதுகுப் படங்கள்

ஸ்டுடியோவில் ஊரார் முகங்களை எடுத்துப் பிழைத்தவர் பாக்கியராஜ். மனைவி கிருபாவதியை மட்டும் முதுகுப் பக்கம்தான் எடுத்தார். அவள் சொன்னபடிதான்.

கோயமுத்தூர் கணபதியில் எங்கள் எதிர் வீடு. அவள் ஜாக்கெட் தைப்பாள். முதுகில் பொத்தான் வைத்த ஜாக்கெட்டுக்கு ஊரே அலைந்த காலம். அவள் வெட்டும் பின்கழுத்து வேறு யாருக்கும் வராது: வெற்றிலை, சங்கு, பாதி நிலா. புதிதாக ஒன்று தைத்தால், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு, முந்தானையை முன்னால் இழுத்துச் செருகி, ஒப்பணக்காரத் தெருவில் நடப்பாள். கேமராவோடு அவர் ஆறடி பின்னால். அந்தப் படங்களை ஒட்டிய ஆல்பம் வீடு வீடாகப் போகும்; அதைப் பார்த்துத்தான் பெண்கள் 'இது மாதிரி' என்று விரல் வைப்பார்கள்.

வளையல் கடை ரசாக் ஒருநாள் கேட்டார்: "ஏனுங்கண்ணா, சம்சாரம் மொகம் ஊட்டுலயே பாத்துச் சலிச்சுப்போச்சுங்களா?"

அவள்தான் திரும்பினாள். "ஜாக்கெட்டுக்கு மொகம் எதுக்குங்க?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கேமரா சொடுக்கிவிட்டது.

படம் கழுவி வந்ததும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "என் மொகம் ஊடு ஊடாப் போகோணுங்களா? சினிமாக்காரி படமாட்டம் இருக்குதுன்னு குடும்பப் பொம்பளைக ஆல்பத்தையே தொடமாட்டாங்க. சொரண்டிப்போடுங்க."

நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பிளேடு முனையால் முகத்தை மட்டும் சுரண்டினார். சுத்தமான கைவேலை. ஜாக்கெட்டில் ஒரு கீறல் இல்லை.

அறுபத்தொன்று ஆடியில் டைபாய்டு. பதினோராம் நாள் போய்விட்டாள். மகள் ஜெபமணிக்கு ஒன்றரை வயது.

அடக்கம் முடிந்து வந்தவர் ஆல்பத்தைப் பிரித்தார். பக்கம் பக்கமாக முதுகு. கல்யாணப் படம் இருக்குமே என்றேன்.

"போட்டோ புடிக்கறவனே மாப்பிள்ளை ஆயிட்டனுங்களே தம்பி. யார் எடுக்கறது?"

அந்த நெகட்டிவை என்னிடம் நீட்டினார். திரும்பிய தோள், பாதி தூக்கிய கை, மேலே வெறும் வெளிச்சம்.

"எப்படிப் போட்டாலும் அச்சுல கறுப்பாத்தான் உளுகும். புள்ளைக்கு எதைக் காட்டறது?"

ஆல்பத்தைத்தான் காட்டினார், தினமும். வெற்றிலைக் கழுத்தின் மேல் விரல் வைத்து 'அம்மா' சொல்லக் குழந்தை கற்றுக்கொண்டது. முதல் தடவை அப்படிச் சொன்ன அன்றைக்கு மட்டும் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க ஒப்பணக்காரத் தெருவுக்குப் போனோம். தெருவில் எங்கே பார்த்தாலும் கிருபாவதி தைத்த ஜாக்கெட். குழந்தை அவர் கையை உதறிவிட்டு ஓடிப்போய் ஒரு சேலையைப் பிடித்தது. முதுகில் வெற்றிலை.

"அம்மா!"

"ஆரு கண்ணு நீ?" என்று அந்தப் பெண் திரும்பிக் குனிந்தாள். நல்ல முகம்தான். அதைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டது. பாக்கியராஜ் ஓடிவந்து தூக்கித் தோளில் சாத்தினார், அழுகை அடங்கவில்லை. சங்கடப்பட்டுக்கொண்டு அவள் தன் வழியே நடந்தாள்.

மறுபடி முதுகு தெரிந்ததும் அழுகை நின்றது. அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, குழந்தை "அம்மா" என்றது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.