பத்து எண்ணும் வரை

மாத்திரை, மாடிப்படி, வாசலில் கிடக்கும் செருப்பு என்று எதைப் பார்த்தாலும் எண்ணுகிறேனாம். வீட்டில் கேலி செய்கிறார்கள். இந்தப் பழக்கம் எனக்கு நாற்பது வயதுக்கு மேல் வந்தது. அப்போது பார்த்த வேலையை விட்டுவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்காக அரியலூரில் ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

கேள்வி கேட்டதும் பிள்ளைகள் பேசாமல் இருந்தால், பயிற்சியில் தேறமாட்டேன் என்று பதறி நானே பதிலைச் சொல்லிவிடுவேன். கடைசி பெஞ்சிலிருந்து என்னைக் கவனித்துவந்த வகுப்பாசிரியர் ஒருநாள் மணி அடித்ததும் கேட்டார்:

"கேள்வியும் நீங்க, பதிலும் நீங்க. அப்புறம் இந்தப் புள்ளைங்க எதுக்குங்க வெயில்ல நடந்து வந்தாங்க?"

"பதில் வரலேன்னா, சார்?"

"வரும். மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க."

மறுநாள், அருகிலுள்ள செந்துறைப் பக்கம் நெல்லைவிடக் கம்பு ஏன் அதிகம் என்று கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். ஏழில் வியர்த்துவிட்டது. ஒன்பதில், அதுவரை வாயே திறக்காத ஒரு சிறுமி எழுந்தாள்.

"கம்புன்னா மழை ஏமாத்துனாலும் தாங்கிக்கும் சார்."

கடைசி பெஞ்சைப் பார்த்தேன். அவரும் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு விரல்தான் மிச்சம் இருந்தது.

பணிக்காலம் முழுவதும் ஒவ்வொரு கேள்விக்கும் எண்ணினேன். அவர் புண்ணியத்தில் எழுந்து பதில் சொன்ன பிள்ளைகளை மட்டும் எண்ணி முடிக்க முடியவில்லை.