முதற்காட்சிக்குப் பின் ஒரு முன்னுரை

“பெப்ரவரி 9, ஞாயிறு. ஒத்திகை. முன்னுரையை வெட்டுவதா, வைப்பதா? முடிவில்லை.” என் நாட்குறிப்பில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான்.

பழைய ரோம நகைச்சுவையின் அச்சில் எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு நாடகம் தயாரித்துக்கொண்டிருந்தது. இடம், நாங்கள் குடியேறியிருக்கும், பிரெஞ்சு பேசும் பனி நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபம். எழுதி இயக்கியவர் சென்னைக்காரர், ஓய்வு பெற்ற பொறியாளர். ஒரு தெரு, இரண்டு வீட்டுக் கதவுகள், கஞ்சத் தகப்பன், காதலில் விழுந்த மகன், எல்லோரையும் ஏய்க்கும் வேலைக்காரன். ரோமர் தங்கள் கேலியைக் கிரேக்க நகரங்களில் நடப்பதாகக் காட்டி, நடிகர்களுக்குக் கிரேக்க உடையும் போட்டுவிட்டார்கள். நாங்கள் கதையைப் பக்கத்து ஊரான லவாலில் வைத்தோம்.

முன்னுரை பேச இருந்தவர் செயின்ட் லோரன்ட் பகுதியில் ஒரு கார்தெரியில், அதாவது பகல்நேரக் காப்பகத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் யாழ்ப்பாணத்துப் பெண். தனியாக மேடைக்கு வந்து, சபையை அடக்கி, கதையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவருக்கு வேறு வேடம் இல்லை.

“கதையை முதல்லயே சொல்லிட்டா எவன் உட்கார்ந்து பார்ப்பான்? வெட்டிடலாம்மா,” என்றார் இயக்குநர்.

“கூத்திலை கட்டியகாரன் முதலே வந்து சொல்லுறேல்லையோ அண்ணை? சனம் எழும்பியே போனது?” என்றார் அவர். “நாள் முழுக்கப் பிரெஞ்சிலை ‘இரு, ஓடாதை’ எண்டு கத்துறன். ஒருக்கா தமிழிலை பெரியாக்களையும் அதட்ட விடுங்கோவன்.”

ரோமர் என்ன செய்தார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலை என்மேல் விழுந்தது. ஆண்டுகளைத் துரத்துவது எனக்குப் பிடிக்கும். கி.மு. 364இல் ஒரு கொள்ளைநோயின்போது, தெய்வங்களைத் தணிக்க அண்டை நாடான எட்ரூரியாவிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்ததில்தான் ரோம மேடை தொடங்கியது என்கிறார் ஒரு வரலாற்றாசிரியர். அவர் எழுதியது முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அதை நான் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். கதையமைந்த நாடகம் வந்தது கி.மு. 240இல் என்பார்கள். முன்னுரை விஷயத்தில் ரோமரே ஒன்றுபடவில்லை. சிலர் கதையைச் சொன்னார்கள். ஒருவர் சொல்ல மறுத்து, முன்னுரையில் எதிரிகளோடு சண்டை போட்டார். சில நாடகங்களில் முதற்காட்சி முடிந்த பிறகே முன்னுரை வந்தது.

அடுத்த ஒத்திகையில் இதைச் சொன்னேன். “அப்போ கட்டாயம் இல்லைதானே?” என்று இயக்குநர் முன்னுரையை வெட்டிவிட்டார். அந்தப் பெண் அதன் பிறகும் ஒத்திகைகளுக்கு, நடிகர்களின் உடைகளுக்கு இஸ்திரி போட வந்துகொண்டிருந்தார்.

நாடகத்தன்று, அழைப்பிதழில் ஐந்து மணி என்றிருந்தது. எங்கள் ஆட்களுக்கு ஐந்து என்றால் ஆறு. ஆனால் மண்டபத்தை எட்டுக்கு ஒப்படைக்க வேண்டியிருந்ததால், இயக்குநர் ஐந்துக்கே தொடங்கினார். முதற்காட்சியைப் பெரும்பாலும் நாற்காலிகள்தான் பார்த்தன. பிறகு சனம் பூட்ஸில் ஒட்டிய பனியை உதறிக்கொண்டு வந்தது. “இவர் ஆர், தகப்பனோ?” “எனக்கென்ன தெரியும், இப்பத்தானே வாறன்!”

மேடை ஓரத்தில் இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு அந்தப் பெண் வந்து, பக்கத்தில் நின்ற என்னைக் காட்டினார்.

“அண்ணை, முதற்காட்சிக்குப் பேந்தும் சொல்லலாமெண்டு இவர் சொன்னவரெல்லோ? என்னை விடுங்கோ.”

“போம்மா, போ! சீக்கிரம்!”

போனார். “கதவடியிலை நிக்கிறவை, வந்து இருங்கோ! பின் வரிசை, கதைச்சது காணும், வாயை மூடுங்கோ!” நிறைந்த மண்டபம் சிரித்துக்கொண்டே அடங்கியது. கதையை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார். அதன் பிறகு யாரும் எழுந்து போகவில்லை.

மெத்ரோ ரயிலுக்கு நடக்கும்போது அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: “அண்ணை, ரோமிலையும் சனம் பிந்தி வந்ததாலதான் அப்பிடி வைச்சவங்களோ?”

தேடினேன். ரோமர் தழுவி எழுதிய கிரேக்க மூல நாடகங்களிலேயே அந்த வழக்கம் இருந்தது என்பது வரை தெரிகிறது. பிந்தி வருபவர்களுக்காகத்தான் அது வந்ததா என்பதற்கு எனக்குச் சான்று கிடைக்கவில்லை. உறுதி செய்யப்படாதது என்றே எழுதி வைத்திருக்கிறேன்.