ஏழு பேர் இருந்த வீடு

மானிடவியல் மூன்றாம் ஆண்டில், பருவநிலை மாற்றத்தை மக்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று ஓர் ஆய்வேடு எழுத வேண்டியிருந்தது. கூடப் படித்தவர்கள் தீவுகளுக்கும் மீனவர் குடியிருப்புகளுக்கும் போகத் திட்டம் போட்டார்கள். நான் வீட்டுக்குப் பஸ் ஏறினேன். கோலா கெத்தில் பக்கம், ஆற்றை ஒட்டிய எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? என் சின்ன வயதில் வெள்ளம் என்றால் ஆண்டுக் கடைசியில், அதுவும் எப்போதாவதுதான். இப்போது மாதக் கணக்கெல்லாம் இல்லை. பாலிங் மலைப்பக்கம் கொட்டித் தீர்த்தால் போதும், கொஞ்ச நேரத்தில் இங்கே ஆறு சேற்று நிறமாகிக் கொல்லைக்கு வந்துவிடும்.

என் கேள்வி இதுதான்: எச்சரிக்கை வந்த பிறகும் சிலர் ஏன் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை? பதிலையும் நானே முன்கூட்டித் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். விழிப்புணர்வு போதவில்லை.

லயத்தின் கடைசி வீட்டு அக்கா, நான் படிக்கப் போன பிறகு குடிவந்தவர்; எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. டவுன் தேநீர்க் கடைகளுக்கு அவர் பால்தான். கணவர் சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை. நான் போனபோது அக்கா புல் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல் கேட்டேன்.

"வீட்டுல எத்தன பேருக்கா?"

"ஏழு பேரு."

"வயசானவங்க, மாசமா இருக்கறவங்க யாராச்சும்?"

"ஒருத்தி இருக்கா. இந்த மாசமோ அடுத்த மாசமோ."

ஏழு என்றும் கர்ப்பிணி ஒருவர் என்றும் பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன். குடும்பம் என்பதை ஒவ்வொரு சமூகமும் வேறு விதமாக எண்ணும், நாமாக எதையும் முடிவு செய்யக் கூடாது என்று முதல் ஆண்டிலேயே சொல்லித் தந்திருந்தார்கள். தேர்வில் அதை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். அன்று மாலை வெள்ள உதவிக் குழுவினர் என் பட்டியலைக் கேட்டபோது பெருமையாகக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, விடிந்ததிலிருந்து மழை. மதியம் எல்லாரும் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குப் போகும்படி செய்தி வந்தது. பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிளிலும் நடந்தும் கிளம்பிவிட்டார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கார அண்ணன் ஒருவர் உதவிக்கு வந்திருந்தார். பட்டியலுடன் நானும் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். ஏழு பேர், அதில் ஒரு கர்ப்பிணி. ஆகவே லாரி நேராகக் கடைசி வீட்டுக்குப் போனது.

அக்கா கொட்டகையில் கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தார். கணவர் வேலையில்.

"ஏழு பேருன்னு எழுதிருக்கு," என்றார் லாரிக்காரர். "மத்தவங்க எங்க?"

அக்கா கொட்டகைக்குள் கையைக் காட்டினார். "இதோ அஞ்சு பேரு. நானு, அவரு. ஏழு."

"மாசமா இருக்கற பொண்ணு?"

"அந்தச் செவல."

லாரிக்காரர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "யுனிவர்சிட்டில படிக்கறது நீதானே?"

எனக்குக் காது சுட்டது.

"மாட்டோட போனா ஸ்கூல்ல விடமாட்டாங்கக்கா. நீங்க மட்டும் ஏறுங்க," என்றார் லாரிக்காரர்.

"நீங்க போங்கண்ணே. அவுத்துவிட்டா ரோட்டுல போயி அடிபடும். கட்டிப்போட்டா முங்கிரும். போன தடவயும் நாந்தான் கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னேன்லா."

எச்சரிக்கை வருவதற்கு முன்பே அவர் ஆற்றைப் பார்த்திருந்தார். கொட்டகைத் தூணில் காலையிலிருந்து கரிக்கோடு போட்டு வந்திருக்கிறார்; இரண்டு கோடுகள் ஏற்கெனவே நீருக்கடியில். விழிப்புணர்வு போதாது என்று நான் எழுதியிருந்தது இவரைப் பற்றித்தான்.

லயத்துக்கு முன்பக்கம், கால்வாய்க்கு அப்பால் மேடு இருக்கிறது. அங்கே ரப்பர் இருந்த காலத்தில், தண்ணீர் ஏறினால் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனைக் கன்று நட்டதும் முள்வேலி வந்தது, இரும்புக் கேட் வந்தது. மாடு கன்றின் ஓலையைத் தின்றுவிடும் என்று எப்போதும் பூட்டு. வெள்ளத்தன்று மட்டும் திறக்கச் சொல்லி அக்கா இரண்டு முறை தோட்ட ஆபீஸில் போய்க் கேட்டிருக்கிறார். மாட்டை விற்றுவிடு என்றார்களாம். இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், நான் கேட்கவில்லை.

மேட்டின் மறுபக்கத்தில் முற்றிய செம்பனை. குலை ஏற்ற லாரி போகும் வழியும் அந்தக் கேட்தான்.

"அண்ணே, சாவி உங்ககிட்ட இருக்குல்ல?" என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். "ஒரு கன்னு நாசமானாலும் என் வேல போச்சு."

"ஒரு ஓலயக் கடிக்க விடமாட்டேன்," என்றார் அக்கா.

"மழயில ஒத்த ஆளா அஞ்சு மாட்டயுமா?"

"ரெண்டு ஆளு," என்றேன்.

"நீ எண்ணுறத நான் எப்படி நம்பறது?" என்று சொல்லிக்கொண்டே லாரியைத் திருப்பினார்.

கேட் திறந்தது. அக்கா செவலையின் கயிற்றைப் பிடித்து முன்னால் போக, மற்றவை பின்னால் வந்தன. கால்வாய்ப் பாலத்தில் நீர் புரண்டு ஓடியதைக் கண்டு செவலை நின்றுவிட்டது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதில் ஏதோ பேசினார். நானும் லாரிக்காரரும் பின்னாலிருந்து தள்ளினோம். கடைசியில் தானாக மனசு வைத்துத்தான் நடந்தது. லாரி மற்றவர்களை ஏற்றப் போனது.

மேட்டில் இடுப்புயரக் கன்றுகள், வரிசை வரிசையாக. மாடுகளுக்கோ காலையிலிருந்து தீனி இல்லை. அக்கா ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். கொஞ்சம் உட்காரச் சொன்னேன்.

"இன்னிக்கி இதுங்க கடிச்சா, அடுத்த தடவ இந்தக் கேட்டு தொறக்காது தங்கச்சி," என்றார். "தண்ணி மட்டும் வரும்."

நானும் ஒரு குச்சி எடுத்தேன். மாடு நினைத்ததைவிட வேகமான பிராணி. ஒன்றைத் திருப்பினால் இன்னொன்று தலையை நீட்டும்.

நாலு மணி வாக்கில் மண்டோர், தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிறவர், மழைக்கோட்டோடு மோட்டாரில் வந்தார். கேட்டைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார். இறங்கிக் கன்று வரிசைகளில் நடந்தார். அக்காவின் பக்கம் முழுதும் சுத்தமாக இருந்தது. என் பக்கத்தில், மூன்றாவது வரிசையில், ஓர் ஓலையில் பாதிக்குமேல் காணோம். எப்போது போனதென்று எனக்குத் தெரியாது.

மண்டோர் அந்த ஓலையைத் தூக்கிப் பிடித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "நான் அசந்துட்டேங்க" என்றார்.

அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு இடுப்புக் கத்தியை எடுத்து அந்த ஓலையை அடியோடு அறுத்துச் செவலைக்கு முன்னால் போட்டார்.

"தண்ணி எறங்குனதும் ஓட்டிட்டுப் போயிருங்க," என்றார் மோட்டாரை உதைத்தபடி. "கேட்ட சாத்திட்டுப் போறேன். பூட்டல."