பன்னிரண்டு பாட்டு, ஒரே பிளேட்டு

ஜீயபுரத்துக் கல்யாணத்துக்கு மைக் செட்டோடு போனவர்கள் சித்தப்பாவும் நானும்தான். அப்பா வரவில்லை, வயலில் நடவு. வழக்கமாகப் பாட்டுப் பிளேட்டு மாற்றும் அண்ணனும் வரவில்லை. அண்ணனுக்குப் பதிலாகத்தான் லாங் பிளே தட்டு வந்துவிட்டதே!

அதை வாங்க முதல் நாள் திருச்சிக்குப் போயிருந்தோம். அதுவரை எங்களிடம் இருந்ததெல்லாம் பக்கத்துக்கு ஒரு பாட்டு ஓடும் பிளேட்டுகள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது. படிக்கத் தெரியாத சித்தப்பா, கல்யாணப் பிளேட்டுக்கு மஞ்சள் பொட்டும் சாவு வீட்டுப் பிளேட்டுக்குச் சுண்ணாம்புப் பொட்டும் வைத்திருப்பார். எந்த அவசரத்திலும் கை தப்பாது.

கடைக்காரர் நீட்டியதோ பன்னிரண்டு படங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்த பெரிய தட்டு. பளபளக்கும் அட்டையிலிருந்த படப் பெயர்களை நான் உரக்கப் படித்தேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் அல்லவா, கடையே திரும்பிப் பார்த்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வந்த வேகத்துல போயிடுதுங்க. இதுதான் கடைசி" என்றார் கடைக்காரர்.

"அப்படி என்னங்க இருக்கு இதுல?" என்று கேட்டார் சித்தப்பா.

"அது எனக்கே தெரியலைங்க."

எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் வைத்தால் இருபது நிமிடம் தானாக ஓடும். முதல் பந்தியில் உட்கார ஆசைப்பட்ட மைக் செட்காரர்கள் எல்லாரும் வாங்கியிருக்கிறார்கள்!

கடையில் போட்டுக் காட்டிய இரண்டு பாட்டும் துள்ளல் பாட்டு. சித்தப்பா வீட்டுக்கு வந்ததும் தட்டின் நடுவில் மஞ்சள் வைத்துவிட்டார்.

மறுநாள் மாலை முள்ளை வைத்துவிட்டு ராஜா மாதிரி பந்திக்குப் போனோம். இலையில் கேசரி விழுந்தது. வாசலில் மாப்பிள்ளை வந்து இறங்கினார். அந்த நேரம் பார்த்து, தென்னை மரத்தில் கட்டிய குழாயில், தங்கையைப் பிரியும் அண்ணனின் ஒப்பாரி காவிரிக்கரை வரைக்கும் கேட்டது.

"யாருய்யா செத்தது இங்க?" என்று மாப்பிள்ளையின் அப்பா கத்தினார்.

எச்சில் கையோடு ஓடினோம். பெண்ணின் அப்பா பல்லைக் கடித்தார். "சத்தம் காட்டாம கழட்டிட்டுப் போங்க. பாதிக் கூலியாவது தரேன்."

சித்தப்பா குழாய் வயரைப் பிடுங்கினார். அப்போது பெண்ணின் அம்மா பந்தலுக்குப் பின்புறமாக வந்தார்.

"அந்தப் பாட்டை இன்னொரு வாட்டி வைங்க தம்பி. எனக்கு மட்டும் கேட்டாப் போதும்."

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். சித்தப்பா மறுபேச்சில்லாமல் முள்ளை வைத்தார். குழாய் இல்லாததால் முள்ளிலிருந்தே கொசு ரீங்காரம் போலப் பாட்டு வந்தது. அந்த அம்மா பிளேட்டுப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டார். சமையல்கட்டிலிருந்து இன்னும் நாலைந்து பெண்கள் வந்து குனிந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டியபடி எங்களை நோக்கி வருவதைச் சித்தப்பா பார்த்தார். நானும் பார்த்தேன். "சித்தப்பா, எடுத்துடுங்க!" என்று அவர் சட்டையை இழுத்தேன்.

"இருடா. பாட்டு முடியட்டும்."

ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. பாதிக் கூலியும் கிடைக்காமல் எங்கள் ஊர் மண்ணச்சநல்லூர் திரும்பும் வழியெல்லாம், கூலி முப்பது, வண்டி வாடகை நாலு, ஆக முப்பத்துநாலு ரூபாய் போச்சு என்று கணக்குப் போட்டபடி வந்தேன்.